மூன்று அரசும் நம் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கின்றன

சமூக அறிவியல் நடத்துகிற ஆசிரிய நண்பர்களுக்கும், பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிற பெற்றோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

"ஒன்றிய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி - வேறுபடுத்துக" என்று கேட்டால் நம் பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள். ராணுவம், வெளியுறவு, ரயில், அஞ்சல் ஒரு கட்டத்தில். காவல், மருத்துவமனை, வேளாண்மை அடுத்த கட்டத்தில். குடிநீர், தெருவிளக்கு, குப்பை கடைசிக் கட்டத்தில். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அழகாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். அதே பிள்ளையைக் கூப்பிட்டு, "உங்க தெருவில் லைட் எரியவில்லை, யாரிடம் போய்ச் சொல்வாய்?" என்று கேளுங்கள். ஒருவன் கலெக்டர் என்பான், இன்னொருத்தி எம்.எல்.ஏ. என்பாள், பாதிப் பேர் வி.ஏ.ஓ. என்பார்கள். வார்டு உறுப்பினர் என்ற சொல்லே வராது.

பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மூன்று அரசையும் மூன்று தனிப் பாடமாக, சில நேரம் மூன்று தனி வகுப்புகளில், நடத்துகிறோம். பிறகு ஒப்பிடச் சொல்கிறோம். வீட்டில், தெருவில், சாப்பாட்டுத் தட்டில் இந்த மூன்றும் தனித்தனியாக வருவதே இல்லை. அதனால் என் வாதம் இதுதான்: ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் யார் பணம், யார் ஆள், யார் முடிவு என்று பிள்ளைகளே தேடட்டும். ஒப்பீடு தானாக வந்துவிடும்.

அந்தப் பொருளைத் தேடி எங்கும் போக வேண்டாம். நான் வேலை பார்க்கும் பள்ளியின் பெயர்ப் பலகையில் "ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி" என்றுதான் எழுதியிருக்கிறது. தினமும் அதன் கீழே நடந்து வருகிறார்கள். அந்தப் பலகையைக் காட்டி, "இது யாருடைய பள்ளி?" என்று கேட்டால் போதும். பலகை உள்ளாட்சியின் பெயரைச் சொல்கிறது. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மாநில அரசு. பாடப் புத்தகம் தமிழ்நாடு பாடநூல் கழகத்தினுடையது. காலையில் சாப்பிடுகிற உப்புமாவும் பொங்கலும் 2022 செப்டம்பர் 15-ல் மாநில அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம். சமைப்பவர்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவினர். கை கழுவும் தண்ணீர் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வருகிறது.

மதியத் தட்டு இன்னும் சுவாரசியம். காமராசர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கியதும், எம்.ஜி.ஆர். 1982-ல் அதைச் சத்துணவாக விரிவுபடுத்தியதும் பிள்ளைகளுக்குத் தெரியும். ஒன்றிய அரசு 1995-ல்தான் நாடு தழுவிய திட்டத்தோடு இதற்குள் வருகிறது என்பது தெரியாது. இன்று அந்தத் தட்டில் இருக்கிற சோற்றுக்கு அரிசி, ஒன்றிய அரசின் இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து வருகிறது. காய்கறி, பருப்பு, எண்ணெய்ச் செலவை ஒன்றியமும் மாநிலமும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்தில் வைக்கிற முட்டை மாநில அரசின் காசு. இதை ஒரு சத்துணவுத் தட்டை மேசையில் வைத்துக்கொண்டே நடத்தினேன். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்போ சோறு டெல்லி, முட்டை சென்னையா டீச்சர்?" என்றாள். ஒன்றியம், மாநிலம் என்று அதிகாரத்தைப் பிரிக்கிற அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கிருந்து பெரிய விஷயத்துக்குப் போவது சுலபம். பள்ளிக்கூடத்தில் ஏன் இத்தனை கை? கல்வி முதலில் மாநிலப் பட்டியலில் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், அரசியலமைப்பின் 42-வது திருத்தம் அதை, இரண்டு அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. காடு, வனவிலங்குப் பாதுகாப்பு, எடை அளவு, நீதி நிர்வாகம் ஆகியவையும் அப்போது போயின. அந்த மாற்றத்தின் விளைவை நாம் இப்போதும் பார்க்கிறோம். பள்ளிக் கல்விக்கு ஒன்றிய அரசு பணம் தருகிற சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயைக் கேட்டு மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் போனது. மாதிரிப் பள்ளிகளுக்கான ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட்டால்தான் பணம் என்பது அப்போது டெல்லியின் நிலை. அதில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்றதாகிவிடும் என்பது சென்னையின் நிலை. இதைப் பள்ளியில் பேசினால் அரசியல் ஆகிவிடும் என்று சில ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு அந்தப் பயம் புரியவில்லை. இரண்டு தரப்பு வாதத்தையும் நேர்மையாகக் கரும்பலகையில் எழுதிப் போடலாம். பொதுப்பட்டியல் என்றால் என்ன என்று அதன் பிறகு ஒரு பிள்ளையும் மறக்காது.

சரி, தெருவிளக்குக்கு வருவோம். ஊரில் இருக்கிற அலுவலகம் எல்லாம் உள்ளாட்சி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். வி.ஏ.ஓ. ஊரிலேயே உட்கார்ந்திருந்தாலும் அவர் மாநில வருவாய்த் துறை ஊழியர். தாசில்தாரும் கலெக்டரும் அப்படியே. சாதிச் சான்றுக்கு அலைகிற பிள்ளைகள் இவர்களைத்தான் பார்க்கிறார்கள், அதனால் அரசு என்றாலே இவர்கள் என்று பதிந்துவிடுகிறது. நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர் யார், அரசு நியமித்தவர் யார் என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்தப் பாடத்தின் உயிர் என்று நினைக்கிறேன்.

எங்கள் பள்ளி மாணவி ஒருத்தியின் அம்மா முன்பு வார்டு உறுப்பினராக இருந்தவர். அவரை வகுப்புக்கு அழைத்தோம். பள்ளிக்கு எதிரில் இருக்கிற கம்பத்தைக் காட்டியே அந்த அக்கா பேசினார். கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையது, அதாவது மாநிலம். அதில் தொங்குகிற விளக்கு ஊராட்சியுடையது. விளக்குக்கான கரண்ட் பில்லை ஊராட்சிதான் வாரியத்துக்குக் கட்ட வேண்டும். பல்பு போனால் ஊராட்சி, கம்பி அறுந்தால் வாரியம். "கம்பியை நாங்க தொடக்கூடாது, பல்பை அவங்க மாத்த மாட்டாங்க" என்றார். பல்பு வாங்கவும் ஊராட்சிப் பணத்தைத் தலைவர் தனியாக எடுக்க முடியாது, துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. எல்லா ஊரிலும் இப்படி ஓர் அக்கா இருப்பார், கூப்பிடத்தான் ஆள் இல்லை.

வரியையும் இப்படியே கையில் கொடுத்து நடத்தலாம். ஓட்டலில் சாப்பிட்ட பில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கீழே சி.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம், எஸ்.ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் என்று இரண்டு வரி இருக்கும். ஒன்று டெல்லிக்கு, ஒன்று சென்னைக்கு. மூன்றாவது அரசுக்கு அந்தத் தாளில் இடமே இல்லை. அப்புறம் வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அதில்தான் ஊராட்சி வரும். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் உள்ளாட்சி ஏன் எப்போதும் மேலே கையேந்தி நிற்கிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மாநிலத்துக்குப் பங்கு சொல்ல ஒன்றிய நிதிக்குழு, உள்ளாட்சிக்குப் பங்கு சொல்ல மாநில நிதி ஆணையம் என்று அதற்குப் பிறகு பெயர்களைச் சொன்னால் மண்டையில் ஏறும். பெயர்களை முதலில் சொன்னால் ஏறாது.

இனி சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். மாநில உரிமை பற்றி இந்த நாட்டுக்கே பாடம் எடுத்த மண் இது. ஒன்றிய-மாநில உறவை ஆராய 1969-ல் இராஜமன்னார் குழு அமைத்தோம், 1974-ல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டோம், 2025-ல் மறுபடி நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் குழு அமைத்தோம். இதில் எனக்கு முழு உடன்பாடு உண்டு, பெருமையும் உண்டு. ஆனால் டெல்லியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை ஊராட்சி சென்னையைப் பார்த்துக் கேட்டால் நாம் காது கொடுக்கிறோமா? வகுப்பில் "யார் யாரைப் பதவியிலிருந்து இறக்க முடியும்?" என்று ஒரு நாள் நடத்திப் பாருங்கள். மாநில அரசைக் கலைக்க ஒன்றியத்துக்கு வழி தருகிற அரசியலமைப்பின் 356-வது பிரிவைக் காட்டி 1976, 1980, 1991 ஆகிய ஆண்டுகளில் இங்கே மாநில அரசுகள் கலைக்கப்பட்டன. அந்த அதிகாரத்துக்கு 1994-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. அதே 1994-ல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவோ, மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரை மாவட்ட ஆட்சியர் நீக்க வழி வைத்திருக்கிறது. விளக்கம் கேட்க வேண்டும், ஊராட்சி மன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் என்ற நடைமுறை உண்டுதான். இருந்தாலும் நீக்குகிறவர் நியமன அதிகாரி. தவறு செய்கிற தலைவர்களை என்ன செய்வது என்ற பதில் கேள்வியும் நியாயமானது. பிள்ளைகள் இரண்டையும் வாதிடட்டும்.

தேர்தலும் அப்படித்தான். உள்ளாட்சிக்கு அரசியலமைப்பில் இடம் கொடுத்த 73, 74-வது திருத்தங்கள் 1993-ல் நடைமுறைக்கு வந்தபோது, ஐந்து ஆண்டு முடிவதற்குள் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். நம் மாநிலத்தில் 2016-ல் நடக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது, மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி. இடைப்பட்ட காலமெல்லாம் அரசு நியமித்த தனி அலுவலர்கள். 2025 ஜனவரி 5-ல் பெரும்பாலான மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள். சட்டமன்றத் தேர்தல் மூன்று ஆண்டு தள்ளிப்போனால் நாம் சும்மா இருப்போமா? ஊராட்சிக்குத் தள்ளிப்போனால் யாரும் கேட்பதில்லை, எல்லாக் கட்சி ஆட்சியிலும் இதுதான் கதை. அதையும் ஒரு அரசு என்று நாம் யாருக்கும் சொல்லித்தரவில்லை.

பாடத்திட்டமும் இதையே பிரதிபலிக்கிறது. ஆறாம் வகுப்பில் உள்ளாட்சி வருகிறது, ஒன்பதில் இன்னொரு முறை. பொதுத்தேர்வு எழுதுகிற பத்தாம் வகுப்பில் நடுவண் அரசுக்கு ஒரு பாடம், மாநில அரசுக்கு ஒரு பாடம். உள்ளாட்சிக்குத் தனிப் பாடம் இல்லை. பொதுத்தேர்வில் வராததைப் பிள்ளைகள் எவ்வளவு மதிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். உத்திரமேரூர்க் கல்வெட்டும் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையும் எல்லாப் பிள்ளைக்கும் மனப்பாடம். நிலமும் வயதும் படிப்பும் என்னென்ன தகுதி என்று ஒப்பிப்பார்கள். தன் ஊரில் ஓட்டுப் போடப் போகிற அம்மா கையில் வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் என்று நான்கு நிறத்தில் நான்கு வாக்குச்சீட்டு ஏன் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. அந்தத் தேர்தலை நடத்துவது சட்டமன்றத் தேர்தல் நடத்துகிற ஆணையம் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம் என்ற வேறு அமைப்பு என்பது ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது.

ஆகவே மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகி, பாடத்திட்டம் பற்றிப் பேச்சு நடக்கிற இந்த நேரத்தில் நான் கேட்பது ஒன்றுதான். பத்தாம் வகுப்பில் உள்ளாட்சிக்கு ஒரு பாடம் வையுங்கள். ஊராட்சிகளுக்குத் தரலாம் என்று அரசியலமைப்பு சொல்கிற 29 இனங்களின் பட்டியலை அதில் அச்சடிக்க வேண்டாம். ஓர் ஊராட்சியின் ஓராண்டு வரவு செலவை அப்படியே அச்சடியுங்கள். எந்தப் பணம் டெல்லியிலிருந்து வந்தது, எது சென்னையிலிருந்து வந்தது, எது ஊரில் வசூலானது என்று பிள்ளைகள் நிறம் தீட்டட்டும்.

அது வருகிறவரை ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடியது இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. பிள்ளைகளுக்கு அங்கே ஓட்டு இல்லை, ஆனால் உட்கார்ந்து பார்க்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிக்கிற ஆகஸ்ட் 15 அன்று, அப்படியே அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் ஓரமாக உட்கார வையுங்கள். வரவு செலவு வாசிப்பார்கள். பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். யாராவது ஒருவர் எழுந்து குடிநீரைப் பற்றிக் கத்துவார். அதற்கு அதிகாரி என்ன பதில் சொன்னார், தீர்மானத்தில் என்ன எழுதினார்கள், அந்தத் தண்ணீர் குடிநீர் வாரியத்துடையதா ஊராட்சியுடையதா என்று மறுநாள் வகுப்பில் கேளுங்கள்.