லினக்ஸில் போட்டோஷாப் ஓடுமா என்று கேட்பவர்களுக்கு

வாரத்துக்கு ஒருவராவது உள்பெட்டிக்கு வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்கள்: “லினக்ஸ்ல போட்டோஷாப் ஓடுமா?” விண்டோஸுக்குப் பதிலாக இருக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸில்தான் நான் டிசைன் வேலை பார்க்கிறேன் என்று முன்பு ஒரு பதிவில் சொல்லித் தொலைத்ததன் பலன். தனித்தனியாகப் பதில் எழுதி விரல் ஓய்ந்துவிட்டது. இனிமேல் கேட்பவர்களுக்கு இந்தப் பதிவின் சுட்டியைக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

இந்தக் கேள்வியை எங்கே கேட்டாலும் இரண்டு கூட்டம் ஓடி வரும். “போட்டோஷாப்புக்குப் பதிலா கிம்ப் இருக்கே, இலவசம், அப்புறம் என்ன?” என்று ஒரு கூட்டம். “தொழில்முறை வேலைக்கெல்லாம் லினக்ஸ் சரிப்படாது” என்று இன்னொன்று. முதல் கூட்டத்தில் பெரும்பாலோர் ஒரு விசிட்டிங் கார்டைக்கூடப் பிரஸ்ஸுக்கு அனுப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலோர் லினக்ஸைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு பேர் சொல்வதையும் கேட்டு நான் பட்டிருக்கிறேன்.

லினக்ஸுக்கு கிராபிக்ஸ் வராது என்பது உண்மை இல்லை. மாயா, ஹூடினி, நியூக், டாவின்சி ரிசால்வ் என்று சினிமா வேலைக்கான மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. பெரிய படங்களுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்யும் ஸ்டூடியோக்களில் லினக்ஸ்தான் சாதாரணம். போட்டோஷாப்பே ஒரு காலத்தில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் கணினிகளில் ஓடியதுதான். 1990களில் அதன் 3ஆம் பதிப்பு ஐரிக்ஸ், சோலாரிஸ் என்ற இரண்டு யூனிக்ஸ் வகைகளுக்கு வந்தது. கோரல் நிறுவனத்தின் வரைகலை மென்பொருளான கோரல்டிரா 9 லினக்ஸுக்கென்றே 2000இல் வெளியானது. அப்போது அந்த நிறுவனம் சொந்தமாக ஒரு லினக்ஸ் இயங்குதளமே வைத்திருந்தது! அடுத்து வந்த 10ஆம் பதிப்பில் லினக்ஸ் இல்லை.

ஆக, இன்று போட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பு இல்லாதது முடியாததால் அல்ல. என் கணக்கு இதுதான்: லினக்ஸில் போட்டோஷாப் வேண்டும் என்று கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே விண்டோஸிலோ மேக்கிலோ அதற்குச் சந்தா கட்டிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்காக லினக்ஸ் பதிப்பு எழுதினால் செலவு கூடும், புதிதாகப் பணம் வராது. எந்த முதலாளி செய்வார்? மனுப் போட்டுக் கையெழுத்துச் சேகரிப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

சரி, வைன்? 1993இல் தொடங்கிய திட்டம் அது. விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் ஒரு துபாஷி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2003 வாக்கில் டிஸ்னியும் வேறு அனிமேஷன் ஸ்டூடியோக்களும் வைனை வளர்க்கும் கோட்வீவர்ஸ் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து, வைன் வழியாக போட்டோஷாப்பை ஓட வைத்தார்கள். அவர்கள் பக்கத்தில் ஆளும் இருந்தது, காசும் இருந்தது. அந்தக் காலத்துப் பதிப்பை ஒரு முறை நிறுவினால் போதும், அது பாட்டுக்கு இருக்கும். 2012இல் வந்த சிஎஸ்6தான் அப்படி வாங்கி வைத்துக்கொள்ள முடிந்த கடைசித் தலைமுறை. 2013இலிருந்து கிரியேட்டிவ் கிளவுட், சந்தா. இன்றைய பதிப்புகளை வைனில் ஏற்றும்போது தூரிகையோ லேயரோ தகராறு செய்வது குறைவு. நிறுவி, உள்நுழைவு, உரிமச் சோதனை, கிராபிக்ஸ் கார்டு, இவைதான் காலை வாரும்.

நானும் ஒரு பிரபலமான டிசைன் மென்பொருளை (பெயர் வேண்டாம்) இரண்டு வார இறுதிகளைப் பலி கொடுத்து வைனில் ஓட வைத்தேன். ஓடியது. ஸ்கிரீன்ஷாட் போட்டுப் பெருமை அடித்துக்கொண்டேன். மூன்றாவது வாரம், மறுநாள் காலையில் ஒப்படைக்க வேண்டிய வேலை, எழுத்துக் கருவியைத் தொட்டாலே உறைந்துபோனது. நடுவில் சிஸ்டம் அப்டேட் ஒன்று வந்திருந்தது. எது எதைக் கெடுத்தது என்று இன்றுவரை தெரியாது. வைன் அருமையான திட்டம், விளையாட்டுகளுக்கு அது செய்திருக்கும் உதவி சாதாரணமில்லை. ஆனால் கெடு இருக்கிற வேலையை அதன் தலையில் வைக்காதீர்கள்.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகுதான் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று உறைத்தது. எந்த மென்பொருள் ஓடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது, என் கைக்கு எந்த ஃபைல் வருகிறது, என் கையிலிருந்து எந்த ஃபைல் போகிறது என்பதை.

வருகிற ஃபைலை முதலில் பார்ப்போம். பிஎஸ்டி, அதாவது போட்டோஷாப் ஃபைல், வந்தால் கிம்ப்பும் திறக்கும், ஓவியம் வரைவதற்கான கிரிட்டாவும் திறக்கும். லேயர்கள் பெரும்பாலும் வந்துவிடும். ஆனால் நிறம் திருத்தும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரும், அசலைக் கெடுக்காமல் உள்ளே வைக்கும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டும் போட்டோஷாப்பில் இருந்த மாதிரியே வரும் என்று நம்பக் கூடாது; எழுத்து பல நேரம் வெறும் படமாகிவிடும். லோகோ மாதிரி வேலைகளுக்கான இல்லஸ்ட்ரேட்டரின் ஃபைல் இன்னும் வேடிக்கை. சேமிக்கும்போது பிடிஎஃப் பொருத்தம் என்ற பெட்டியில் டிக் இருந்தால், ஃபைலுக்குள் ஒரு பிடிஎஃப் நகலும் சேர்ந்து உட்காரும். லினக்ஸில் அதற்கு மாற்றாக இருக்கும் இங்க்ஸ்கேப் திறப்பது அந்த நகலைத்தான். கண்ணுக்கு அச்சு அசல் அப்படியே இருக்கும். கை வைத்தால்தான் தெரியும், பத்தி வரிவரியாக அறுந்து கிடக்கும், லேயர் அமைப்பு காணாமல் போயிருக்கும். லோகோவை எடுத்துப் பயன்படுத்த இது போதும். திருத்தி அதே ஃபைலாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கதை முடிந்தது. பக்கம் அமைக்கும் இன்டிசைனின் ஃபைலை, லினக்ஸில் அதே வேலைக்கு இருக்கும் ஸ்க்ரைபஸ் திறக்கவே திறக்காது. ஐடிஎம்எல் என்ற பரிமாற்ற வடிவத்துக்கு மாற்றித் தரச் சொல்லி அனுப்புகிறவரிடம் கெஞ்ச வேண்டும், அதுவும் ஓரளவுக்குத்தான் வரும்.

ஐந்து பேர் கைமாற்றி வேலை செய்யும் குழுவில் நீங்கள் ஒருவர் என்றால், உங்கள் இயங்குதளத்தை முடிவு செய்வது நீங்கள் அல்ல, அந்த ஃபைல்தான். அங்கே போய் லினக்ஸ் கொள்கை பேசினால் மற்ற நான்கு பேருக்கும் தலைவலி.

போகிற ஃபைல் வேறு கதை. பிரஸ்ஸுக்கு வேண்டியது பிடிஎஃப், அவ்வளவுதான். எதில் செய்தீர்கள் என்று பிளேட் போடுகிறவர் கேட்க மாட்டார், ஃபைல் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். அந்த “சரியாக” என்ற இடத்தில் நான் ஒரு முறை நன்றாக மாட்டினேன். இங்க்ஸ்கேப்பின் பிறவிமொழி எஸ்விஜி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியைக் கலக்கும் திரைக்கான ஆர்ஜிபி உலகம். நான் பயன்படுத்தும் பதிப்பு வரைக்கும் அது எழுதும் பிடிஎஃப்பும் ஆர்ஜிபிதான். அது புரியாமல் இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றை முழுக்க அதிலேயே செய்து நேராக பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். அச்சு மைகளின் கணக்கான சிஎம்ஒய்கேவாக மாறும்போது என் கருப்பு எழுத்துகள் நான்கு மையும் கலந்த கருப்பாகிவிட்டன. பெரிய தலைப்பில் ஒன்றும் தெரியவில்லை. பொடி எழுத்தில் பிளேட் மயிரிழை நகர்ந்ததும் ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பாகவும் நீலமாகவும் நிழல். தவறு முழுக்க என்னுடையது, மறு அச்சுச் செலவும் என்னுடையதே.

அப்புறம்தான் ஸ்க்ரைபஸை ஒழுங்காகக் கற்றேன். 2001 வாக்கில் ஃப்ரான்ஸ் ஷ்மிட் தொடங்கிய மென்பொருள். பார்க்கப் பழைய வீடு மாதிரி இருக்கும், எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று பழகவே ஒரு மாதம் ஆகும். ஆனால் அச்சு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் கட்டிய வீடு. சிஎம்ஒய்கே, தனி மை, நிறம் மாறாமல் காக்கும் ஐசிசி ப்ரொஃபைல், அச்சுக்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/எக்ஸ்-3 எல்லாம் உண்டு. இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்விஜியை உள்ளே கொண்டுவந்தால் அதன் நிறங்கள் ‘ஃப்ரம்எஸ்விஜி’ என்று தொடங்கும் பெயர்களில் நிறப் பட்டியலில் உட்காரும். அந்த ஆர்ஜிபி கருப்பைத் தூக்கிவிட்டு கருப்பு மை மட்டுமே உள்ள சுத்தமான கே 100ஐ வைத்தால் போதும், ஆவணம் முழுக்க மாறிவிடும். ஏற்றுமதிக்கு முன்னால் சோதனைச் சாளரம் ஒன்று வந்து, இந்தப் படம் தெளிவு போதாது, அந்தப் பெட்டியில் எழுத்து வழிகிறது என்று திட்டும். அந்தத் திட்டுக்கு நான் அடிமை.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பிடிஎஃப்பை 1993இல் கொண்டுவந்தது போட்டோஷாப் தயாரிக்கும் அதே அடோபிதான். 2008இல் அது ஐஎஸ்ஓ தரமாகி எல்லோருக்கும் பொதுவானது. அவர்கள் திறந்துவிட்ட ஒரு கதவு வழியாகத்தான் அவர்கள் மென்பொருள் இல்லாமல் நான் பிழைப்பு நடத்துகிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோகோ, ஐகான் வேலைக்கு இங்க்ஸ்கேப் ‘போதும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்த மாட்டேன், எனக்கு அதுதான் பிடித்தமானதே. கையால் வரைபவர்கள் யோசிக்காமல் கிரிட்டாவுக்குப் போகலாம், அது சிஎம்ஒய்கேவிலேயே வேலை செய்யும். வரைவதற்கான வாகாம் (Wacom) டேப்லெட்டைச் செருகினால் டிரைவர் தேடாமலே வேலை செய்கிறது, இதை விண்டோஸ் நண்பர்களிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கிம்ப் 2004இல் 2.0 ஆனது, 3.0 ஆக 2025 மார்ச் வரை ஆயிற்று. போட்ட ஃபில்டரைப் பிறகு திருத்தும் வசதி அதில்தான் வந்தது. போட்டோஷாப்காரர்கள் பல வருடமாகக் கேலி செய்த விஷயம் அது, கேலி நியாயமானதுதான். திரையின் நிறத்தைச் சரிபார்க்க டிஸ்ப்ளேகால் இருக்கிறது. லினக்ஸ் திரையில் சாளரங்களைக் காட்டும் புதிய முறையான வேலேண்டில் நிற மேலாண்மைக்கான நெறிமுறையே 2025இல்தான் ஏற்கப்பட்டது, அதனால் நிறம் முக்கியமான வேலைக்கு நான் இன்னும் பழைய எக்ஸ்11இலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருள் 2025 அக்டோபரில் இலவசமானதும் பலர் எனக்கு வாழ்த்து அனுப்பினார்கள். அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னேன். மாறாக, சத்தமே இல்லாமல் லினக்ஸ்காரர்களுக்கு உதவியது பிரவுசர். ஃபிக்மா பிரவுசரில் ஓடுவதால் செயலித் திரை வடிவமைப்பவர்களுக்கு இந்தப் பஞ்சாயத்தே இல்லை. அவசரத்துக்கு ஒரு பிஎஸ்டியைத் திறந்து பார்க்க, பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபியா போதும், சில நேரம் கிம்ப்பைவிட ஒழுங்காகவே காட்டுகிறது.

அதனால் கேட்பவர்களிடம் ஒரே ஒரு வேலை சொல்கிறேன். போன மாதம் உங்களுக்கு வந்த ஃபைல்களையும் நீங்கள் அனுப்பியவற்றையும் இரண்டு ஃபோல்டரில் பிரித்துப் போடுங்கள். வந்ததில் உரையும் படமும், போனதில் பிடிஎஃப்பும் பிஎன்ஜியும் மட்டும் இருந்தால் இன்றைக்கே மாறலாம், பழக ஓரிரு மாதம் ஆகும். இரண்டிலும் இன்டிசைனும் இல்லஸ்ட்ரேட்டருமாக இருந்தால் மாறாதீர்கள், அல்லது ஓரமாக ஒரு விண்டோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அலமாரியில் ஒரு விண்டோஸ் லேப்டாப் இருக்கிறது. கடந்த வருடம் நான்கு முறை திறந்தேன். நான்கு முறையும் அது முதலில் அப்டேட் போட்டுக்கொண்டது, அப்புறம்தான் ஃபைல் திறந்தது.