மீல்மேக்கர் சாப்பிட்டால் பரு வரும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைக் கோத்தகிரிக்காரர்களுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு ஒரு வரி: சோயாவில் செய்யும் மீல்மேக்கர், எள்ளு, மொச்சை எல்லாவற்றிலும் பெண் ஹார்மோன் இருக்கிறது, தின்றால் பரு வரும் என்று ஒரு பேச்சாளர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் மேடையில் சொன்னார். வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றிவிட்டது. அது தப்பு என்று மட்டும் குரூப்பில் சொல்லிவிட்டு, கோபத்தில் வேறு எதுவும் எழுதிவிடக் கூடாது என்றுதான் பொறுத்திருந்தேன்; அதற்கு வந்த கமெண்டுகளுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில். இன்று காலை ஒரு அம்மா என் மெடிக்கல் கடைக்கு வந்து, "இனிமே பொண்ணுக்கு மீல்மேக்கர், எள்ளுருண்டை, மொச்சை எதுவுமே குடுக்கக் கூடாதாமே மேடம், அதுல பொம்பள ஹார்மோன் இருக்காமே" என்று கேட்டார். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் விஷயத்துக்கு வருகிறேன். பருவைக் கிளப்பிவிடுவது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோன்கள். பெண்கள் உடம்பிலும் அவை கொஞ்சம் உண்டு, வயதுக்கு வரும் சமயத்தில் கூடும். அவை தோலுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிவிடும், எண்ணெய் அதிகமாகச் சுரக்கும், முடித்துளையின் வாயில் செத்த தோல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், உள்ளே கிருமி பெருகும், அப்புறம் சிவந்து வீங்கும். சோயாவில் இருக்கும் ஐசோஃபிளேவோனும், எள்ளிலும் ஆளி விதையிலும் இருக்கும் லிக்னனும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சாயல் கொண்டவை. ஈஸ்ட்ரோஜன் உட்கார வேண்டிய நாற்காலியில் இவையும் போய் உட்காரும், ஆனால் அதன் பலம் இவற்றுக்குக் கிடையாது. பருவுக்குக் காரணம் ஆண் ஹார்மோன் என்றால், பெண் ஹார்மோன் சாயல் உள்ள உணவின் மேல் எப்படிப் பழி போடுவது? மேடையில் சொன்னது அப்படியே தலைகீழ்.

2015இல் இந்தோனேசியாவில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. பரு உள்ள 40 பெண்களில் ஒரு பாதிக்குத் தினமும் 160 மில்லிகிராம் சோயா ஐசோஃபிளேவோன் கொடுத்து 12 வாரம் பார்த்தார்கள். டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்தது, பருவும் குறைந்தது. சின்ன ஆய்வுதான். இதை வைத்துச் சோயா பருவுக்கு மருந்து என்று நான் சொல்லவே மாட்டேன். குழம்பில் ஒருவருக்கு விழுகிற ஒரு கை மீல்மேக்கரில் அந்த 160 வரவும் வராது. போதாததற்கு, சோயாவில் உள்ள டெய்ட்சீன் என்ற ஐசோஃபிளேவோனை ஈக்வால் என்ற வேறு பொருளாக மாற்றும் கிருமி சிலர் குடலில்தான் இருக்கிறது, அதனால் ஒரே சாப்பாடு ஆளுக்கு ஆள் வேறு மாதிரி வேலை செய்யும். இவ்வளவு நுணுக்கமான விஷயத்தை எடுத்து "மொச்சை தின்றால் மூஞ்சி வெடிக்கும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் ஒருவர் சொல்கிறார், நாம் கை தட்டுகிறோம்.

குரூப்பில் ஒருவர் ஆஸ்திரேலியா ஆட்டுக் கதையை அனுப்பியிருந்தார். அது உண்மைதான். 1940களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகை க்ளோவர் புல்லை மேய்ந்த செம்மறி ஆடுகள் சினை பிடிக்காமல் போயின, காரணம் அந்தப் புல்லில் இருந்த ஈஸ்ட்ரோஜன் சாயல் பொருள். செடிகளில் இப்படி ஒன்று இருப்பதை நான் எங்கே மறுத்தேன்? அந்த ஆடுகளுக்கு நாள் முழுக்க, மாதக்கணக்கில் அந்தப் புல்தான் தீனி. நம் பிள்ளை வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும் மீல்மேக்கரை அதோடு எப்படிச் சேர்க்கிறீர்கள்? அதிலும் அங்கே வந்தது மலட்டுத்தன்மை. பரு இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "உனக்கென்ன தெரியும்" என்பீர்கள். பத்தாவது படிக்கும்போது இரண்டு கன்னத்திலும் கை வைக்க இடம் இருக்காது. அத்தை வந்து சூடு என்றார், வேர்க்கடலை போனது. பாட்டி சொல்லி எள்ளு போனது. பக்கத்து வீட்டு அக்கா சொல்லி முட்டை போனது. கடைசியில் ரசம் சோறும் முட்டைக்கோஸ் பொரியலும் மிஞ்சின. ஜனவரிப் பனியில் தோல் வெடிக்கிறது என்று அம்மா தினமும் ராத்திரி முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெயை அப்பிவிடுவார், அதைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்தில் போட்டோகிராபர், "பாப்பா, நீ கொஞ்சம் பின்னால போய் நில்லும்மா" என்றார். அந்த ஆல்பத்தை இன்றைக்கு வரை நான் திறந்து பார்த்ததில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மைக்கை எடுத்துக்கொண்டு வந்து, மூன்றாவது வரிசையில் இருந்த பெண்ணின் முகத்தைக் காட்டி, "இதோ பாருங்கள், தப்பான சாப்பாட்டின் விளைவு" என்று அந்தப் பேச்சாளர் சொன்னபோது எனக்கு அடிவயிறு கலங்கியது. அந்தப் பிள்ளை மப்ளரை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டது. முன்வரிசையில் பெரியவர்கள் இத்தனை பேர் இருந்தோமே, ஒருவராவது "சார், உட்காருங்கள்" என்று சொன்னோமா?

"என் பொண்ணு சோயாவை நிறுத்தினாள், பரு போய்விட்டது" என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். பரு தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். சோயாவோடு சேர்த்து வேறு எதை எதையெல்லாம் நிறுத்தினீர்கள் என்றும் யோசித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 15 முதல் 25 வயது வரையுள்ள 43 ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு 2007இல் வந்தது, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத சாப்பாட்டை 12 வாரம் சாப்பிட்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. 2005இல் அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட செவிலியர்களிடம் பள்ளி வயதில் சாப்பிட்டதைக் கேட்டு எழுதிய ஆய்வில், பால் அதிகம் குடித்தவர்களிடம், அதிலும் ஆடை நீக்கிய பால் குடித்தவர்களிடம், பரு கூடுதலாகத் தெரிந்தது. நமக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட பால் டீ, கூடவே மைதாவில் செய்த வர்க்கி. மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கூட்டத்துக்கு வந்த எல்லோருக்கும் கொடுத்ததே டீயும் வர்க்கியும்தான்.

"பாரம்பரியத்தைக் கேவலப்படுத்துகிறாய்" என்ற கமெண்டுக்கு ஒரே பதில். என் பாட்டி எள்ளு வேண்டாம் என்றார், ஆனால் பேத்தியை நாலு பேர் நடுவில் நிற்க வைத்து அவமானப்படுத்தவில்லை. அந்தப் பேச்சாளரைப் போலப் பேசி முடித்துவிட்டுப் பின்னால் மேஜை போட்டுப் பவுடர் டப்பா விற்கவும் இல்லை.

"மெடிக்கல்காரி, க்ரீம் விற்க எழுதுகிறாள்" என்று எழுதினவருக்கு. இது ரொம்ப வலித்தது. பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால் மாதிரி ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் பருவுக்கும் வெள்ளையாவதற்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டு வருகிறவர்களை நான் தினமும் திருப்பி அனுப்புகிறேன். 2018இல் அரசாங்கம் இந்த வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. போட்ட கொஞ்ச நாளில் முகம் பளபளவென்று ஆகும், நிறுத்தினால் எரியும், சிவக்கும், முன்பு இருந்ததைவிட மோசமாகப் பரு கிளம்பும், தோல் மெலிந்து நரம்பு தெரியும். அந்த வியாபாரத்தை வேண்டாம் என்று விட்டவள் நான். என்னைப் பார்த்து இதைச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிய பயம். எஸ்டேட் லைன் வீடுகளில் கறி எடுப்பது என்றைக்கோ ஒரு நாள். பச்சைத் தேயிலைக்கு விலை இல்லாத மாதங்களில் சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டிலும் அதே கதைதான். அங்கே புரதம் என்றால் பருப்பு, மொச்சை, அவரை, மீல்மேக்கர். காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் 50 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. பெரிய மனுஷியாகி, வளர வேண்டிய வயதில் இருக்கும் பிள்ளையின் தட்டிலிருந்து இதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சோறும் உருளைக்கிழங்கும். ரத்தசோகையோடு படியேற மூச்சு வாங்குகிற பிள்ளைகள் இப்போதே இரும்புச்சத்து மாத்திரைக்கு என் கடைக்கு வருகிறார்கள். பரு இன்றில்லாவிட்டால் இன்னொரு நாள் அடங்கிவிடும், அந்த வயதில் கிடைக்காமல் போன சாப்பாடு திரும்பக் கிடைக்காது.

மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தாடையில் முடி வளர்கிறது, கூடவே பருவும் விடாமல் வருகிறது என்றால் அது வேறு விஷயம். சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தழும்பு விழும் அளவுக்குப் பெரிய கட்டிகள் என்றாலும் அப்படித்தான், ஊட்டிக்கோ கோயம்புத்தூருக்கோ போய்த் தோல் டாக்டரைப் பாருங்கள், பஸ் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள். யூடியூப் பார்த்து அதிமதுரத்தை அள்ளிக் குடிக்கவும் வேண்டாம், அளவு மீறினால் ரத்த அழுத்தம் ஏறும்.

கூட்டம் நடத்தியவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள், அந்த வீடியோவை அழியுங்கள். மற்றவர்களும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அதில் அவள் முகம் தெரிகிறது. அப்புறம், என்ன க்ரீம் போடலாம் என்று இன்பாக்ஸில் போட்டோ அனுப்ப வேண்டாம், போட்டோவைப் பார்த்து நான் மருந்து சொல்வதில்லை. சீட்டோடு கடைக்கு வாருங்கள், எதை எப்போது எவ்வளவு போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித்தருகிறேன்.