அப்பாவின் புல்லட்டை அறுக்க விடமாட்டேன்

போன வாரம் அக்கா பையன் வீட்டுக்கு வந்திருந்தான். தண்டையார்பேட்டையில் எங்கள் வாசலில் நிற்கும் அப்பாவின் புல்லட்டை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான். "மாமா, பின்னாடி சேசிஸை, அதான் அந்த இரும்புச் சட்டத்தை, அறுத்துட்டு, மட்கார்டைக் குறைச்சு, ஒத்தை சீட் போட்டா, குட்டையா மாத்திக் கட்டுற 'பாபர்' ஸ்டைல் வண்டி மாதிரி செமையா இருக்கும். செலவு நான் பாத்துக்கறேன்" என்றான். ஆசையாகத்தான் கேட்டான். முடியாது என்று சொல்லிவிட்டேன். பையன் முகம் வாடிப்போனது. காரணத்தை அன்றைக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அவனைப் போல ஆசைப்படுகிற பிள்ளைகள் இந்தப் பக்கம் நிறைய இருக்கிறார்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

வண்டி 1974 மாடல். வார்ப்பிரும்பு இன்ஜின். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மீதி மூன்றும் கீழே. அப்பா துறைமுக வேலைக்கு இதில்தான் போய் வந்தார். காசிமேட்டு உப்புக்காற்றில் குரோம் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும் என்று ஞாயிறுதோறும் எண்ணெய்த் துணியால் துடைப்பார். அந்த வேலை இப்போது என்னுடையது.

இந்த வண்டி நம் ஊர் வண்டி. 1955-ல் இங்கிலாந்தில் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியபோது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957-ல் பாகங்கள் செய்யும் கருவிகளும் கைக்கு வந்தன. 1962-க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராகிவிட்டது. ரெட்டிச் ஆலையை 1967-ல் மூடிவிட்டார்கள். இங்கே திருவொற்றியூர் ஆலையில் வேலை நிற்கவில்லை. 1977-ல் இதே 350 புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. வடசென்னை என்றாலே ரவுடி, வெட்டுக்குத்து என்று பேசுகிறவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, பழைய வண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? ஓட்டிப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்தினால் ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் மீட்டரின், அதாவது மின்சாரத்தைக் காட்டும் மீட்டரின், முள் இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து வரும். ஓர் இடத்தில் முள் நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுதாக ஒரு மிதி. எடுத்துக்கொள்ளும். அவசரப்பட்டு முள்ளைப் பார்க்காமல் மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். பட்டனை அழுத்திப் பறக்கிற வண்டியில் இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. இதில் தெரிந்தே ஆக வேண்டும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அந்தச் சத்தமும் சும்மா வருவதில்லை. ஒரே சிலிண்டர். போர், அதாவது சிலிண்டரின் அகலம், 70 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 90. இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீல் சக்கரமும் கனம். அதனால்தான் நின்ற இடத்தில் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணுகிற மாதிரி ஓடுகிறது. சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் முறுக்குகிறவர்களின் சத்தத்தை இதோடு சேர்க்காதீர்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம்தான்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு மழை ராத்திரி, எண்ணூரிலிருந்து வரும் வழியில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போகின்றன. அப்பா, ஸ்பார்க் வருவதற்கு மின்சாரத்தை விட்டு விட்டுத் தருகிற பாயிண்ட்டின் மூடியைக் கழற்றினார், சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டியின் மருந்துப் பட்டையைக் கிழித்து, பிளாட்டினம் என்று சொல்லும் அந்தப் பாயிண்ட் முனைகளை இரண்டு தேய் தேய்த்தார், வேட்டி நுனியால் துடைத்தார். மூன்றாவது கிக்கில் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு லேப்டாப்பை மாட்டிப் பார்த்தால்தான் என்ன கோளாறு என்றே தெரிகிறது.

கஸ்டம் வண்டி கட்டுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வியாசர்பாடியில் ஒரு பட்டறையில் ஒரு தம்பி டேங்க் செய்வதை அரை நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தகரத்தை மணல் மூட்டை மேல் வைத்து மரச் சுத்தியால் தட்டித் தட்டிக் குழிவு எடுத்தான். கேஸ் வெல்டிங் வைத்த பிறகு உள்ளே காற்றடித்து, தையல் நெடுக சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். ஒரே ஒரு இடத்தில் கடுகளவு குமிழி. அந்தத் தையல் முழுவதையும் பிரித்து மறுபடி வைத்தான். அவன் டேங்க் செய்தது லாரி இடித்து நசுங்கிய ஒரு பிற்கால வண்டிக்கு. காயலான் கடைக்குப் போக வேண்டியது அவன் கையால் பிழைத்தது. அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

முழுசாக, உயிரோடு ஓடுகிற பழைய இரும்பு புல்லட்டை அறுப்பது வேறு. அறுத்த சேசிஸ் திரும்ப வராது. சட்டமும் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம், ஆனால் சேசிஸிலும் இன்ஜினிலும் கை வைத்திருக்கக் கூடாது. அறுத்தால் அந்தத் தகுதியும் போச்சு.

அப்படியும் நான் விண்டேஜ் பதிவுக்குப் போகப்போவதில்லை. பதிந்தால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க என்று மட்டும்தான் ரோட்டில் எடுக்க முடியும். டி.எச். ரோட்டில் காய்கறிப் பை மாட்டிக்கொண்டு போகாத அப்பாவின் புல்லட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. எஃப்.சி. காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து, ஓட்டிக்கொண்டே இருப்பேன்.

அக்கா பையனிடம் நேற்று பேசினேன். நசுங்கிய வண்டி ஒன்று கிடைத்தால் பாதிப் பணம் நான் போடுகிறேன், வியாசர்பாடி தம்பியிடமே கட்டச் சொல்லலாம், ஆர்.டி.ஓ.வில் என்னென்ன அனுமதி வாங்க வேண்டுமோ அதை முதலில் கேட்டுக்கொள்வோம் என்றேன். சரி என்றான். அதுவரை ஞாயிற்றுக்கிழமை வந்து இந்த வண்டியைக் கிக் அடிக்கப் பழகுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறான்.

அப்புறம் ஒரு உதவி. வலது பக்க டூல் பாக்ஸ் மூடி நெளிந்துபோய்விட்டது. புதுப்பேட்டையில் தேடியும் பழைய கனத் தகர மூடி கிடைக்கவில்லை. யாரிடமாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.