'தொடரும்' என்று போட்டால் எப்போது என்றும் சொல்லுங்கள்

சென்ற மாதம் நானும் என் அக்காவும் நெடுநாள் எதிர்பார்த்திருந்த ஒரு தொடரின் புதிய சீசனைப் பார்க்க உட்கார்ந்தோம். முதல் எபிசோடின் 11-ஆவது நிமிடத்தில் நிறுத்தவேண்டியதாயிற்று. மழையில் நனைந்தபடி ஒருவன் வாசலில் வந்து நிற்கிறான்; கதவைத் திறக்கும் பெண் அவனைக் கண்டதும் கையிலிருந்த சாவிக்கொத்தைக் கீழே தவறவிடுகிறாள்; அதுவரை ஓடிக்கொண்டிருந்த இசை சட்டென்று அடங்கிவிடுகிறது. பெரிய சந்திப்பு அது என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. ஆனால் வந்தவன் யாரென்று எங்கள் இருவருக்குமே நினைவில்லை. "இவன் அந்த வக்கீலோட தம்பியா, இல்ல செத்துட்டான்னு சொன்னாங்களே, அவனா?" என்று அக்கா கேட்டாள்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. ஒரு சீசன் முடிந்தவுடன், யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்று அதில் நான்கைந்து வரிகள் எழுதிவைப்பது என் வழக்கம். எடுத்துப் பார்த்தேன். "அண்ணன் உயிரோடு இருக்கிறான். அவளுக்கு மட்டும் தெரியாது. அவன் வீட்டுச் சாவியை இன்னும் தன் கொத்திலேயே வைத்திருக்கிறாள்" என்று 3 ஆண்டுகளுக்கு முன் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. அதைப் படித்த பிறகுதான் சாவிக்கொத்து ஏன் விழுந்தது என்பது புரிந்தது. காட்சியைப் பின்னால் தள்ளி மீண்டும் பார்த்தோம். புரிந்தது, ஆனால் தொண்டை அடைக்கவில்லை. அந்த இடத்தை எழுதியவரும் நடித்தவரும் இசையமைத்தவரும் எங்களுக்காக எடுத்துவைத்திருந்த ஒன்றை நாங்கள் பெற்றுக்கொள்ள முடியாமல் போனது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஓடிடி தளங்களைப் பற்றி ரசிகர்கள் பேசும்போது சந்தா கூடிவிட்டது, விளம்பரம் நுழைந்துவிட்டது, கடவுச்சொல்லைப் பகிர விடுவதில்லை என்ற குறைகளே முதலில் வருகின்றன. அவை நியாயமான குறைகள். ஆனாலும் தொடர் என்ற கலைவடிவத்தையே உள்ளிருந்து அரிப்பது ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொடர் என்பது நினைவை நம்பி எழுதப்படுவது. முதல் சீசனில் போகிறபோக்கில் சொல்லப்பட்ட ஒரு வார்த்தை மூன்றாவது சீசனில் வந்து மனத்தைத் தைக்கவேண்டுமானால், இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த வார்த்தை பார்ப்பவரின் மனத்தில் உயிரோடு இருக்கவேண்டும். வார இதழ்களில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்களுக்குத் 'தொடரும்' என்ற சொல்லுக்கு அடுத்த வாரம் என்று பொருள். முன்கதைச் சுருக்கம் என்று நான்கு வரி போட்டால் போதும், விட்ட இடத்தில் கதை கையைப் பிடித்துக்கொள்ளும். 3 ஆண்டு இடைவெளியை அடைக்க இரண்டு நிமிட ரீகேப் எப்படிப் போதும்?

கணக்கையே பார்ப்போம். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் 2016 ஜூலையில் தொடங்கி 2025 டிசம்பர் 31 அன்று முடிந்தது. ஒன்பதரை ஆண்டுகளில் 5 சீசன்கள், 42 எபிசோடுகள். கதைக்குள் நடப்பதோ, கடைசியில் வரும் சிறு பின்கதையை விட்டால், 1983 இறுதியிலிருந்து 1987 வரையிலான சுமார் 4 ஆண்டுகள். முதல் சீசன் வெளிவந்தபோது 12 வயதாக இருந்த நடிகை மில்லி பாபி பிரவுன் கடைசி சீசனில் 21 வயதுப் பெண்ணாக நின்றார். பள்ளிச் சிறுவர்களின் கதையில் அந்தச் சிறுவர்கள் கதையைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள். செவரன்ஸ் தொடரின் முதல் சீசன் 2022 ஏப்ரலில் நெஞ்சு படபடக்கும் ஓர் இடத்தில் நின்றது. அடுத்த காட்சியைக் காண 2025 ஜனவரி வரை, ஏறத்தாழ 33 மாதங்கள், காத்திருந்தோம். ஸ்க்விட் கேம் முதல் சீசனுக்கும் இரண்டாவதற்கும் நடுவே 3 ஆண்டுகளுக்கு மேல். தமிழில் சுழல் 2022 ஜூனில் வந்தது, அதன் இரண்டாம் சீசன் 2025 பிப்ரவரியில். மாறாக, 2004 முதல் 2010 வரை தொலைக்காட்சியில் ஒளிபரப்பான, ஒரு தீவில் சிக்கிக்கொண்டவர்களின் கதையான லாஸ்ட், ஆறு ஆண்டுகளுக்குள் 6 சீசன்களில் நூற்றுக்கும் மேற்பட்ட எபிசோடுகளைத் தந்து முடிந்தே போய்விட்டது. அந்த எபிசோடுகள் எல்லாமே சிறப்பானவை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தீவில் யார் யாருக்கு என்ன உறவு என்பதை மறக்க நமக்கு அவகாசமே இருந்ததில்லை.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்பதை ரசிகர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பழைய தொலைக்காட்சி முறையில் எழுத்தாளர் குழு எழுதிக்கொண்டே இருக்கும், பக்கத்திலேயே படப்பிடிப்பு நடக்கும், இன்னொரு பக்கம் எடிட்டிங் ஓடும். எட்டாவது எபிசோட் ஒளிபரப்பாகும்போது பதினைந்தாவது எபிசோட் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். ஓடிடி வந்தபிறகு, பெரிய தொடர்கள் பலவற்றில் முழு சீசனையும் எழுதிமுடித்து, ஒரு நீண்ட திரைப்படம்போலப் படமாக்கி, கிராஃபிக்ஸ் வேலைகளை முடித்து, பல மொழிகளில் டப்பிங்கும் சப்டைட்டிலும் சேர்த்து, உலகமெங்கும் ஒரே நாளில் வெளியிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் கடைசிவரை பார்த்தார்கள் என்று எண்ணி, அடுத்த சீசன் உண்டா இல்லையா என்று முடிவெடுக்கிறார்கள். அதற்குள் எழுத்தாளர் குழு கலைந்துவிடுகிறது, செட் பிரிக்கப்பட்டுவிடுகிறது, நடிகர்கள் வேறு படங்களுக்குத் தேதி கொடுத்துவிடுகிறார்கள். அத்தனை பேரையும் மறுபடி ஒன்றுசேர்ப்பதிலேயே ஓராண்டு ஓடிவிடுகிறது.

2023-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பது உண்மை. அதனால் பல தொடர்கள் தள்ளிப்போயின. ஆனால் தாமதத்துக்கெல்லாம் அந்த வேலைநிறுத்தத்தையே காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எழுத்தாளர் குழுவைச் சிறிதாக்கி, படப்பிடிப்புக்கு முன்பே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கத்தை எதிர்த்ததும் அந்தப் போராட்டத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. எழுதுகிறவர்கள் கேட்டதும் ரசிகர்களாகிய நாம் கேட்பதும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகவே இருக்கின்றன: கதை தெரிந்தவர்களைக் கதையோடு இருக்கவிடுங்கள்.

ஒவ்வோராண்டும் திரும்பி வருவது முடியாத காரியமா? தி பிட் என்ற தொடர் முடியும் என்று செய்தே காட்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு; ஒரு பணிநேரம்; ஒரு எபிசோட் என்றால் அந்தப் பணிநேரத்தில் ஒரு மணி நேரம். 2025 ஜனவரி 9 அன்று தொடங்கிய முதல் சீசனில் 15 எபிசோடுகள். இரண்டாவது சீசன் 2026 ஜனவரி 8 அன்றே வந்துவிட்டது. ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கும்போதே. அவசரத்தில் தரம் குறைந்துவிடும் என்பவர்களுக்கு, முதல் சீசன் 2025-இன் சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருதைப் பெற்றது என்பதையே பதிலாகச் சொல்வேன். கதை பெரும்பாலும் ஒரே செட்டுக்குள் நடக்கிறது, பறக்கும் டிராகன்கள் தேவையில்லை, கதை ஓடும் வேகமே அதன் அழகாகிவிடுகிறது. ஸ்லோ ஹார்சஸ் இன்னொரு வழியைக் கண்டது. மிக் ஹெரனின் நாவல்கள் ஏற்கெனவே கையில் இருந்ததால், இரண்டு சீசன்களைச் சேர்த்தே படமாக்கினார்கள். 2022 ஏப்ரலிலிருந்து 2025 செப்டம்பருக்குள் 5 சீசன்கள் வந்துவிட்டன. சீசனுக்கு 6 எபிசோடுகள்தான். ஆனால் முதல் சீசன் முடிந்த கையோடு அடுத்த சீசனின் முன்னோட்டத்தை அங்கேயே காட்டினார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. நம்மை நடுவழியில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவது ஒரு ரசிகருக்குப் பெரிய ஆறுதல்.

சில கதைகளுக்குக் காலம் தேவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆண்டோர் தொடரின் முதல் சீசன் 2022 செப்டம்பரிலும் இரண்டாவது 2025 ஏப்ரலிலும் வந்தன. அந்த இரண்டரை ஆண்டும் வீணாகவில்லை என்பது ஒவ்வொரு காட்சியிலும் தெரிந்தது. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு இருந்தது. இரண்டாம் சீசனோடு கதை முடிந்துவிடும் என்பதை முதல் சீசன் வெளியாகும்போதே சொல்லியிருந்தார்கள். முடிவு உண்டு என்று தெரிந்தவருக்குக் காத்திருப்பது பாரமாக இருக்காது.

அந்த உறுதி இல்லாதபோது நடப்பதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது. டார்க் தொடரை 3 சீசன்களில் அற்புதமாக முடித்துக்காட்டிய அதே படைப்பாளிகள் 1899 என்ற தொடரை 2022 நவம்பர் 17 அன்று கொண்டுவந்தார்கள். அதையும் 3 சீசன்களாகவே எண்ணியிருந்தார்கள். 2023 ஜனவரி 2 அன்று அடுத்த சீசன் கிடையாது என்ற அறிவிப்பு வந்தது. ஏழு வாரம்கூட ஆகவில்லை. புதிர்களை அடுக்கி அடுக்கி எழுதப்பட்ட ஒரு கதை, விடைகள் இல்லாமலே இன்றும் அந்தத் தளத்தில் கிடக்கிறது. இப்படி ஒருமுறை அடிபட்ட ரசிகர் அடுத்தமுறை என்ன செய்வார்? "முழுசா முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். என் நட்பு வட்டத்தில் இதைச் சொல்லாதவர்களே இப்போது குறைவு. ஆனால் ஒரு புதிய தொடரின் விதி பெரும்பாலும் முதல் சில வாரங்களின் பார்வைக் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. முடியட்டும் என்று ஒதுங்கி நிற்பவர் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. அந்தத் தொடரை உயிருக்குயிராக நேசித்திருக்கக்கூடிய ஒருவர், காயப்படாமல் இருப்பதற்காக எடுத்த முடிவே அதன் மரணத்துக்குக் காரணமாகிவிடுகிறது. நிறுவனம் ரசிகரை நம்புவதில்லை, ரசிகர் நிறுவனத்தை நம்புவதில்லை, நடுவில் கதை சாகிறது.

2023-இல் சூட்ஸ் தொடருக்கு நடந்ததை இந்தக் கோணத்தில்தான் நான் பார்க்கிறேன். 2019-லேயே முடிந்துபோன தொடர் அது. 9 சீசன்கள், 134 எபிசோடுகள். நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்ததும் அமெரிக்காவில் அந்த ஆண்டு மட்டும் 5,770 கோடி நிமிடங்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள் என்று, பார்வைகளை அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. எந்தப் புதிய தொடரும் அதன் அருகில் வரவில்லை. பழைய தொடரை மக்கள் ஏன் இப்படித் தேடிப்போனார்கள் என்று பலர் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. நாளைக்கும் அடுத்த எபிசோட் இருக்கும், கடைசியில் ஒரு முடிவும் இருக்கும் என்ற உறுதியோடு உட்காரக்கூடிய தொடர்கள் இன்று அரிதாகிவிட்டன.

தளத்திலிருந்தே தொடர்களை நீக்கிவிடும் வழக்கத்தையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். டிஸ்னி பிளஸ் தனக்கென்றே தயாரித்த வில்லோ தொடரை, வெளியிட்டு ஆறு மாதம் ஆவதற்குள் நீக்கியது. அதைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும்.

வாரம் ஒரு எபிசோடா, ஒரே நாளில் மொத்தமுமா என்ற பழைய விவாதமும் நினைவைப் பற்றியதுதான். நெட்ஃப்ளிக்ஸ் 2013 பிப்ரவரி 1 அன்று ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ் தொடரின் 13 எபிசோடுகளையும் ஒன்றாக வெளியிட்டபோது நானும் அதை விடுதலையாகவே நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. தி பிட் முதல் சீசன் நடந்த 14 வாரங்களும் வியாழன்தோறும் அக்காவிடமிருந்து போன் வரும். ஒரு பயிற்சி மருத்துவரின் கை நடுங்கியதை வைத்துக்கொண்டே அரைமணி நேரம் பேசியிருக்கிறோம். அந்தத் தொடரின் இரண்டாம் சீசனைப் பார்க்க எனக்கு நோட்டு தேவைப்படவில்லை. இரண்டு இரவுகளில் கண் எரிய எரியப் பார்த்து முடித்த தொடர்களுக்குத்தான் நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறேன்.

தளங்களை நடத்துபவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. 8 எபிசோடையும் எட்டு திரைப்படமாக்க வேண்டாம்; ஓராண்டில் திரும்பி வரக்கூடிய அளவில் கதையை எடுங்கள். அப்படி எடுக்க முடியாத கதை என்றால் எத்தனை சீசன், எப்போது வரும் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். நிறுத்தத்தான் வேண்டுமென்றால், முடித்துவைக்க ஒரே ஒரு எபிசோடாவது கொடுங்கள். நடக்காததைக் கேட்கவில்லை. 2017-இல் நிறுத்தப்பட்ட சென்ஸ்8 தொடருக்கு, ரசிகர்கள் விடாமல் கேட்டதால், அடுத்த ஆண்டு இரண்டரை மணி நேர இறுதி எபிசோட் ஒன்று கிடைத்தது. தி எக்ஸ்பான்ஸ் தொடரை 2018-இல் ஓர் அலைவரிசை கைவிட்டபோது, ரசிகர்கள் பணம் திரட்டி, அமேசான் அலுவலகத்துக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அது மேலும் 3 சீசன்கள் ஓடி 2022-இல்தான் முடிந்தது. கேட்டால் கிடைக்கிறது என்பதால்தான் கேட்கிறேன். ரசிகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. புதிய தொடர் ஒன்று மனத்துக்குப் பிடித்திருந்தால் முடியட்டும் என்று காத்திருக்காமல் வெளிவந்த வாரத்திலேயே பாருங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள், எழுதுங்கள்.

இதை எழுதும்போது அந்த நோட்டு என் அருகில்தான் இருக்கிறது. இன்னும் முடியாத 9 தொடர்களுக்கான பக்கங்கள் அதில் திறந்தே இருக்கின்றன. திரும்பி வரும் தேதி என்று மேல் ஓரத்தில் நான் விட்டிருக்கும் கட்டத்தில் இதுவரை 2 பக்கங்களில்தான் எழுத முடிந்திருக்கிறது.