"ஈரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகலாமா?

போன தை மாதம் அப்பாவோடு ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் மூன்று நாள் காத்திருந்தேன். சம்பா அறுவடை முடிந்த நேரம். நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது மீட்டர் 19 காட்டியது. 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை அதிகமான சில வருடங்களில் மட்டும் ஒன்றிய அரசு தளர்வு கொடுக்கும். அன்று பார்த்தவர் "ஈரம், காயவச்சுக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்குப் போய்விட்டார். அப்பா அன்று முழுக்கச் சரியாகப் பேசவில்லை.

மறுநாள் வேறொருவர் வந்தார். அதே மீட்டர், அதே 17 சதவீத வரம்பு. இவர் மீட்டரை அப்பா பக்கம் திருப்பிக் காட்டினார். "ஐயா, மேல காஞ்சிருக்கு, அடியில வாரி எடுத்தாத்தான் 18 வருது. மதியத்துக்குள்ள ரெண்டு தடவை கிளறி விடுங்க. மூணு மணிக்கு நானே வந்து பாக்குறேன்." அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடனே இறங்கிவிட்டார். மூன்று மணிக்கு அந்த மனிதர் சொன்னபடியே வந்தார்.

நான் 13 வருடமாக டேட்டா வேலையில் இருப்பவன். அந்த முதல் ஆளைப் பார்த்தபோது எனக்கு என் ஞாபகம்தான் வந்தது.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம். ஒரு நிறுவனத்தின் கிடங்குகளில் சரக்கு எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. எஸ்.க்யூ.எல். (சேமித்த தகவல்களிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழி) எழுதி, கணக்கைச் சரிபார்த்து, ஒரு கிடங்கில்தான் இழப்பு அதிகம் என்று எண்களை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு ஒன்றை அழகாகப் போட்டு, இருபது பேருக்கு மெயில் அனுப்பினேன். அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவருக்கு முன்கூட்டி ஒரு போன் செய்யவில்லை. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அவர் தலை குனிந்து நின்றார். என் எண்ணில் தவறே இல்லை. ஆனால் அடுத்த இரண்டு மாதம் அந்தக் கிடங்கிலிருந்து பதிவுகள் தாமதமாக வந்தன, பாதி கட்டங்கள் காலியாக வந்தன. டேட்டா எங்கிருந்தோ தானாக ஊறி வருவதில்லை. யாரோ ஒருவர் நின்றுகொண்டு, வியர்வையோடு, அதை உள்ளிடுகிறார். அவருக்கு நம்மேல் நம்பிக்கை போய்விட்டால் எந்த மென்பொருளும் உதவாது.

அப்புறம் என்னை டீம் லீட் ஆக்கினார்கள். குழுவிலேயே வேகமாக கோட் (கணினி நிரல்) எழுதுபவன் என்பதுதான் காரணம். நம் துறையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது: ஒரு வேலையை நன்றாகச் செய்பவரை எடுத்து, முற்றிலும் வேறான வேலையைக் கையில் கொடுத்துவிடுகிறோம். ஒரு நாள் பயிற்சிகூடக் கிடையாது. என் குழுவில் ஒரு பெண் எழுதிய கோடில் குறை இருந்தால், ராத்திரி நானே உட்கார்ந்து திருத்தி வைத்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். ஒரு வருடத்தில் அவள் ராஜினாமா செய்தாள். கடைசி நாளில் சொன்னாள்: "அண்ணா, நான் எங்க தப்பு பண்ணினேன்னே எனக்குத் தெரியாம போச்சு." அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நம் பக்கத்துப் பெற்றோர்களிடமும் கல்லூரிகளிடமும் ஒன்று சொல்ல வேண்டும். மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சரளமாக வரவில்லை என்பதுதான் ஒரே குறை என்று நினைத்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்புகிறோம். ஆங்கிலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மனிதர்களோடு வேலை செய்யும் திறமை வேறு. "இந்த ரிப்போர்ட்டை வச்சு என்ன முடிவு எடுக்கப் போறீங்க?" என்று வேலை தொடங்கும் முன் கேட்பது, கெட்ட செய்தியை உரியவரிடம் தனியாக முதலில் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று சொல்வது, ஜூனியர் செய்த வேலைக்கு அவர் பெயரையே சொல்வது. இதெல்லாம் எந்த மொழியிலும் செய்யலாம். நன்றாக ஆங்கிலம் பேசும் பலர் இதில் ஒன்றைக்கூடச் செய்வதில்லை.

சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியவர்கள் பக்கமும் இருக்கிறது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்பிய 73 நொடியில் சிதறி 7 பேர் இறந்தார்கள். முந்தைய இரவே, கடுங்குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் சொன்னார்கள். அதற்கு முன் மிகக் குளிரான ஏவுதல் சுமார் 12 டிகிரி செல்சியஸில் நடந்தது. இந்த முறை அதைவிடக் கடும் குளிர். அவர்களின் மேலதிகாரி ஒருவரிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போடுங்கள் என்று சொல்லப்பட்டது. முடிவு மாறியது. அவர்கள் காட்டிய அட்டவணைகள் தெளிவாக இல்லை என்ற விமர்சனம் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, கசப்பான எண்ணைக் காது கொடுத்துக் கேட்க மேலே யாரும் தயாராக இல்லை என்பதுதான்.

அதனால் இப்போது என் குழுவில் யார் கெட்ட எண்ணைக் கொண்டுவந்தாலும் முதலில் நன்றி சொல்கிறேன், அப்புறம்தான் கேள்வி. மற்றவர் எழுதிய கோடில் குறை இருந்தால் நான் திருத்துவதில்லை; அருகில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேட்கிறேன். நேரம் இரண்டு மடங்கு ஆகிறது, ஆகட்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு, முக்கியமாக விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, ஒரு வீட்டுப்பாடம் வைத்திருக்கிறேன். பயிர்க் காப்பீட்டுக்காக ஒரு கிராமத்தில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளவில் சில இடங்களில் மட்டும் நெல்லை அறுத்து, எடை போட்டு, ஊர் முழுவதன் சராசரி விளைச்சலை முடிவு செய்கிறார்கள் அல்லவா? "என் வயல் மூழ்கிடுச்சு, ஊர் சராசரி எனக்கு எதுக்கு?" என்று ஒவ்வொரு டெல்டா விவசாயியும் கேட்கிறார். நியாயமான கேள்வி. மாதிரிக் கணக்கெடுப்பு எப்படி வேலை செய்கிறது, எங்கே அது ஒரு தனி மனிதனைக் கைவிடுகிறது என்பதை ஊருக்குப் போகும்போது உங்கள் அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ விளக்கிவிட்டு வாருங்கள் என்பேன். அவர் தலையாட்டினால் போதாது. திரும்ப ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியை எனக்கு வந்து சொல்ல வேண்டும்.

குடவாசல் பக்கத்துத் தம்பி ஒருவர் போன மாதம் வந்து சொன்னார்: "அண்ணா, எங்க அப்பா கேட்டார், அந்தச் சில இடத்தை யார் தேர்ந்தெடுக்கிறாங்கன்னு." எட்டாவது வரை படித்த ஒரு மனிதர், புள்ளியியலின் மையக் கேள்வியை நேராகத் தொட்டுவிட்டார். அந்தத் தம்பிதான் வரும் வியாழன் வாடிக்கையாளர் முன் எங்கள் வேலையை விளக்கப் போகிறார். நான் பின்வரிசையில் இருப்பேன்.

தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறந்தாயிற்று. ஊரில் இருந்தபடியே இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் இனி கூடுவார்கள். சீனியர்களாக இருக்கும் நம்மவர்கள் மாதம் ஒரு மணி நேரம் ஒருவருக்காவது ஒதுக்குங்கள். பொங்கல் விடுமுறையில் நான் நீடாமங்கலத்தில்தான் இருப்பேன். டேட்டா வேலையில் இருப்பவர்கள், தேடுபவர்கள், யாருக்காவது பேச வேண்டும் என்றால் உள்பெட்டியில் எழுதுங்கள். வரும்போது நீங்கள் செய்த ஒரு ரிப்போர்ட்டையும், அது யாருக்காகச் செய்தது என்ற விவரத்தையும் கொண்டுவாருங்கள்.