கிணற்றோரப் பனையில் எத்தனை கூடு?

"எங்க ஊர்ல ஒரே பனையில 40 தூக்கணாங்குருவிக் கூடு!" என்று போட்டோ போட்டால் லைக் பிய்த்துக்கொண்டு போகிறது. சரி, நானும் லைக் போட்டேன். அதையே கணக்கெடுப்புத் தாளில் 40 ஜோடி என்று எழுதும்போதுதான் எரிச்சல் வருகிறது.

ஆண் முதலில் பாதிக் கூட்டைத்தான் பின்னும். கவிழ்த்த ஹெல்மெட் மாதிரி இருக்கும். பெட்டை வந்து சோதித்துப் பார்த்து, பிடித்தால்தான் முட்டை அறையும் கீழே தொங்கும் குழலும். பிடிக்கவில்லையா, ஆண் அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து ஓலையில் அடுத்ததைத் தொடங்கிவிடும். பெட்டை குடிவந்து முட்டையிட்டாலும் அப்பாக்காரர் அடைகாக்க நிற்கமாட்டார். இன்னொரு கூடு, இன்னொரு பெட்டை. பறவையியலாளர் சாலிம் அலி 1930-லேயே மும்பைப் பக்கம் கிஹிமில் உட்கார்ந்து இதைப் பார்த்து, அடுத்த வருஷம் எழுதியும்விட்டார். நாம் இன்னும் கூட்டை எண்ணி இரண்டால் பெருக்கிக்கொண்டிருக்கிறோம். போதாக்குறைக்கு, பழைய கூட்டில் சில்லை என்ற வேறு சின்னக் குருவிகள் வேறு குடியேறியிருக்கும்.

நான் தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொள்கிறேன்: ஹெல்மெட், குழல் வைத்தது, பெட்டை இரையோடு நுழைவது. மூன்றாவதுதான் நமக்கு வேண்டிய எண். அதற்குக் கிணற்றின் எதிர்ப்பக்கம் பைனாகுலரோடு அரை மணி நேரமாவது சும்மா உட்கார வேண்டும். செல்ஃபிக்காகப் பனையடிக்குப் போனால் பெட்டை கூட்டுப் பக்கமே வராது.

2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு வருஷம் தவறாமல் போகிறேன். நல்ல காரியம். ஆனால் அந்த நாலு நாளில் எங்கள் பக்கம் ஆணின் மஞ்சள் தலையே மங்கிப்போயிருக்கும், பெரும்பாலும் தொங்குவது பழைய கூடு. எத்தனை குடும்பம் பிழைக்கிறது என்று தெரிய, பயிர் பச்சையாக இருக்கும்போது அதே கிணற்றுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். பறவைப் பட்டியலை ஏற்றும் இ-பேர்ட் தளத்தில் கூடு கட்டுகிறது, குஞ்சுக்கு இரை கொண்டுபோகிறது என்று குறிக்க இடம் இருக்கிறது. என் நண்பர்களே அதைத் தொடுவதில்லை.

போன வருஷம் ஏழு ஹெல்மெட்டும் ஐந்து குழலும் இருந்த கிணறு ஒன்று. இந்த முறை போனால் கிணற்றை மூடி பிளாட் கல் நட்டிருந்தார்கள். பனையும் இல்லை. கூட வந்த தம்பி, "இதை விட்டுடலாம்ணே, எழுத ஒண்ணும் இல்லையே" என்றான். மூன்று கட்டத்திலும் பூஜ்யம் போடச் சொன்னேன்.