கொடுத்ததற்கு ஜெயில்

சபையில் பேசியது, ஆடியது, கொடுக்க வேண்டிய சாமான்களை அடுக்கி வைத்தது, அவற்றைத் தூக்கிக்கொண்டு போய் விருந்தாளி கையில் கொடுத்தது. 1922இல் கனடாவின் பசிபிக் கரையோரம், அலர்ட் பே ஊரில் குவாக்வாகாவாக் என்ற பூர்வகுடி மக்கள் மேல் போட்ட குற்றச்சாட்டுகள் இவைதான். இதற்காகப் பெண்கள் உட்படப் பலர் ஓகல்லா ஜெயிலுக்குப் போனார்கள்.

அவர்கள் நடத்தியது பாட்லாட்ச், ஊரைக் கூட்டி விருந்தாளிகளுக்குப் பரிசு கொடுக்கிற விழா. அது சொத்தை வாரி இறைக்கிற பைத்தியக்காரத்தனம் என்று இன்னும் சிலர் எழுதுவதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. பத்திரம், கையெழுத்து என்று எதுவும் இல்லாத இடத்தில், இந்தப் பெயர் இன்னாருக்கு, இந்த நடனம் இந்தக் குடும்பத்துக்கு என்பதை ஊரைக் கூட்டித்தானே சொல்ல முடியும்? வந்தவர்கள் சாட்சி, பரிசு அந்தச் சாட்சிக்கு. பாட்லாட்சுக்குக் கனடா அரசு போட்டு 1885இல் அமலுக்கு வந்த தடை இழுத்து மூடியது ஒரு பதிவு அலுவலகத்தை.

அப்படியும் ஒளித்து ஒளித்து நடத்தினார்கள். 1921 கிறிஸ்துமஸ் சமயத்தில் டான் கிரான்மர் என்ற குவாக்வாகாவாக் தலைவர் வில்லேஜ் தீவில் நடத்தியது ஆறு நாள். மோட்டார் படகு, தையல் மிஷின், கிராமபோன், மாவு மூட்டை, பில்லியர்ட்ஸ் மேஜை கூடக் கொடுத்திருக்கிறார்! விஷயம் வெளியே கசிந்ததும் வழக்கு. விசாரித்த நீதிபதி யார் தெரியுமா, அந்த வட்டாரத்தின் அரசு ஏஜென்ட் வில்லியம் ஹாலிடேயேதான். முகமூடி, கிலுகிலுப்பை, செப்புத் தகடு எல்லாவற்றையும் ஊரே ஒப்படைத்தால் தண்டனையை நிறுத்தி வைக்கிறோம் என்று பேரம். இதைச் சட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிணை பிடித்துப் பறித்தது அது. வாங்கியதை ஹாலிடே சர்ச் ஹாலில் பரப்பி வைத்து, பார்க்க வந்தவர்களிடம் காசு வசூலித்தார். அப்புறம் நியூயார்க்கிலிருந்து வந்த ஜார்ஜ் ஹேய் என்ற சேகரிப்பாளருக்குக் கொஞ்சம் விற்பனை, மிச்சம் கிழக்கே அருங்காட்சியகங்களுக்கு. வீண் செலவு, காட்டுமிராண்டித்தனம் என்று திட்டியவர்களுக்கு அந்தப் பொருள்களின் விலை மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

1951இல் சட்டத்தைத் திருத்தியபோது தடைப் பிரிவைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். பொருள்களைத் திருப்பிக் கேட்டால், முதலில் ஒரு அருங்காட்சியகம் கட்டுங்கள் என்று நிபந்தனை வேறு. சரி என்று கட்டினார்கள். 1980இல் அலர்ட் பேயில் திறந்த உமிஸ்தா மையத்தில் அந்த முகமூடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவில்லை, இத்தனை வருஷம் அடைபட்டுக் கிடந்தது போதும் என்று. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு அது.

ஆனால் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்த ஒரு முகமூடி 2005இல் ஊர் திரும்பியது இரவலாகத்தான். பறித்த பொருளை உரிமைக்காரருக்கே இரவல் கொடுக்க என்ன துணிச்சல் வேண்டும்!